ஒன்பதாம் சுற்றில் சாகிற அண்ணன்

என் நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் அவள் வேலை பார்க்கும் பல் லேப் வரைக்கும் போய்விட்டது. பல் லேப் என்றால் பல் பிடுங்குகிற இடம் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டு, பல் செய்து கொடுக்கிற இடம். பக்கத்துப் பல்லில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறதோ அதே மஞ்சள் புதுப் பல்லிலும் இருக்க வேண்டும். பதினாலு வருஷமாக இதைச் செய்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவள் பல்லை வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள், ஒருவருக்கும் அவளைத் தெரியாது. வாசல் போர்டில் டாக்டர் பெயர்தான் இருக்கும்.

இதை நான் பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. அவளும் பரிதாபத்துக்கு இடம் கொடுக்கிற ஆள் இல்லை. எதிரே யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். "அண்ணி, மேல் வரிசையில இடது பக்கம் மூணாவது லேசா கறுக்குது, டீயைக் குறைங்க" என்று கல்யாணமான மூன்றாம் நாளே என்னிடம் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று என் அக்கா முன்கூட்டியே பயமுறுத்தி அனுப்பியிருந்தாள். ஆனால் நாலு வருஷத்தில் அவள் இல்லாமல் எனக்குப் பேச்சுத்துணையே இல்லை என்று ஆகிவிட்டது. அவள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், நாளெல்லாம் இரும்புக் கயிற்றோடு பேசிவிட்டு வருவதால் வீட்டில் வாய் திறக்கமாட்டார்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்த ஆட்டம்தான். டி.வி.யில் ஆடுவது, ஆளுக்கொரு கன்ட்ரோலர். சண்டைதான், ஆனால் கண்டபடி கை ஓங்குகிற சண்டை இல்லை. வரிசை உண்டு. உன் முறை வந்தால் அடிக்கலாமா, தடுக்கலாமா, மருந்து குடிக்கலாமா என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம், அதுவரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். எல்லாரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு சுற்று. நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் லாரி வரிசையில் நடப்பதைத் தினமும் கேட்கிறவள். எங்கள் தெருக்களில் இல்லாத ஒழுங்கு அந்த ஆட்டத்தில் இருந்தது.

அதில் பதினெட்டு வீரர்கள். கங்கு என்று ஒருத்தி, அவளை யாரும் எடுக்கமாட்டார்கள், பாப்பா அவளைத்தான் எடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் தன் உயிரில் கொஞ்சத்தை எரித்துத்தான் அடிப்பாள். உயிர் குறையக் குறைய அடி பலக்கும். பத்தில் ஒரு பங்கு உயிர் மிச்சமிருக்கும்போது அவள் அடித்தால் மலையும் சரியும். ஆனால் அந்த நேரத்தில் எதிரியின் விரல் பட்டால் போதும், செத்தாள். பயந்துகொண்டு மருந்து கொடுத்தாலோ உயிர் ஏறிவிடும், அடி சப்பென்று போய்விடும்.

"ஏண்டி, கவசம் போட்டுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறானே, அவனை எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"அவனை வச்சு யார் வேணா ஜெயிக்கலாம் அண்ணி. உலையில சூடு கொஞ்சம் ஏறினா பல்லு வெடிச்சுடும், கொஞ்சம் குறைஞ்சா பளபளப்பே வராது. இவளும் அந்த மாதிரி. எனக்கு இவளைத் தெரியும்."

தெரிந்த லட்சணத்துக்கு முதல் பதினொரு மாதமும் செத்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், கூடத்திலிருந்து "ச்சே" என்று ஒரு சத்தம் வரும். எத்தனை "ச்சே" என்று எண்ணினால் அன்றைக்கு எத்தனை சாவு என்று தெரிந்துவிடும். ஆனால் அவள் சும்மா சாகவில்லை. பல்லின் நிறம் குறிக்கிற லேப் அட்டைகளின் பின்பக்கத்தில், எந்த எதிரி எந்தச் சுற்றில் என்ன செய்வான் என்று பொடி எழுத்தில் எழுதி வைத்தாள். தோளை இறக்கினால் வாள் வீச்சு, தலையைச் சாய்த்தால் நெருப்பு, இரண்டும் இல்லாமல் மூச்சு வாங்கினால் அடுத்த முறை பெரிய அடி. அட்டைகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய சேர்ந்தன. பிறகு ஒரு நாள் "ச்சே" நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் கங்கு தள்ளாடிக்கொண்டு, ஒரு மூச்சு உயிரோடு, தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய ஒருவன் முன்னால் நின்றாள். பாப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஒரு பொத்தானை அழுத்தினாள். அவன் விழுந்தான். எனக்கே புல்லரித்தது, கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அண்ணன். அவர் ஆடுவது அரண் என்கிற கேடயக்காரனை. கங்குவுக்கு வரும் அடியை 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்தித் தான் வாங்கிக்கொள்வது அவன் வேலை. அண்ணன் அதைச் சரியாகச் செய்வார். லிஃப்டையே தாங்குகிறவருக்கு இது என்ன.

இந்த இடத்தில்தான் பாப்பா ஒன்றைக் கண்டுபிடித்தாள். கடைசிக் கோட்டையின் காவலன் எவராலும் லேசில் விழாதவன். அவன் ஒன்பதாம் சுற்றில் கங்குவைப் பெரிய அடி அடிப்பான். அரண் அதை ஏற்றுக்கொண்டு சாவான். செத்ததும் வரிசையில் அவன் முறை காலியாகிவிடும் அல்லவா? அந்த முறையையும் கங்கு எடுத்துக்கொள்கிறாள். ஒரே சுற்றில் இரண்டு அடி. இரண்டாவது அடியில் காவலன் விழுவான். உலகத்தில் வேறு எவரும் இதைக் கவனிக்கவில்லை. செருப்புப் பெட்டி அட்டைகள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தன.

அதிலிருந்து அண்ணன் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒன்பதாம் சுற்றில் செத்தார். பையில் நாலு புட்டி மருந்து இருக்கும், ஒன்றுகூட அவருக்குக் கொடுக்கமாட்டாள். கொடுத்தால் சரியான நேரத்தில் சாகமாட்டாரே! "அண்ணா, நீ ரெண்டு புள்ளி அதிகமா உயிரோட இருக்கே, அடுத்த அடியையும் வாங்கிக்கோ" என்பாள். அவரும் வாங்கிக்கொள்வார். மூன்று வருஷம் இப்படி. நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆட்டத்தைப் பதிவு செய்து இணையத்தில் போட்டாள். பெயர் போடாமல் 'பல்லுக்காரி' என்று போட்டாள். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். பல்லுக்காரியின் பொறுமை, பல்லுக்காரியின் நெஞ்சழுத்தம் என்று ஒரே புகழ்ச்சி. சாப்பிடும்போது எங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே ஒன்றை வாசித்தாள்: "கூட நிக்கிற அரண் கம்ப்யூட்டரா? சொன்ன உடனே சாகுதே!" நானும் சிரித்தேன். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் எப்போதும் அப்படித்தானே சாப்பிடுவார் என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் ஆட்டக் கம்பெனி ஜோடிப் போட்டி அறிவித்தது. கோட்டைக் காவலனைக் குறைந்த சுற்றில் வீழ்த்துகிற இருவரின் பெயரை, ஆட்டத்துக்குள்ளேயே கோட்டை வாசல் கல்லில் செதுக்கி வைப்பார்கள். எந்த நாட்டில் யார் ஆடினாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். பாப்பா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் அப்படிக் குழைந்து நான் பார்த்ததில்லை.

"பதினாலு வருஷமா என்னென்னமோ பண்றேன் அண்ணி, எதுலயும் என் பேர் இல்ல. இதுல இருக்கட்டுமே. பல்லுக்காரின்னு இருந்தாலும் பரவாயில்ல."

"கிடைக்கும் போ. உன்னை விட்டா யாரு?" என்றேன். மனசார சொன்னேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். புகார் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அழுது புலம்பி எழுதினால் எந்த அதிகாரியும் படிக்கமாட்டார். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்த விதிக்கு விரோதம், யாருக்கு நஷ்டம் என்று நாலே வரியில் எழுதினால் மறுநாள் ஆள் வருவான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கைபேசியை நீட்டினார்.

"ஒரு ஆட்டத்துல கோளாறு இருக்கு. கம்பெனிக்கு எழுதணும். எனக்கு எழுத வராது, நீ கொஞ்சம் சரி பண்ணிக் கொடு."

"நீங்க ஆடுற ஆட்டமா?"

"எல்லாரும் ஆடுறதுதான்."

அவர் கோணல்மாணலாக எழுதியிருந்ததைப் படித்தேன். ஒருவன் செத்தால் அவன் முறையைக் கூட நிற்பவள் ஆடுகிறாள், இது பிழை என்று இருந்தது. ஒன்பதாம் சுற்று என்றும் இருந்தது. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். முக்கால் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று வாய்வரை வந்த கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் எழுத முடியாமல் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த டி.வி. முன்னால் போய்க்கொண்டிருந்த எரிச்சல் ஒரு பக்கம். இவ்வளவு நல்ல புகார் கையில் சிக்கி ரொம்ப நாளாயிற்றே என்ற ஆசை ஒரு பக்கம். உட்கார்ந்து, எங்கள் ஆபீஸ் பாணியில், ஓட்டை இல்லாமல் எழுதினேன். நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: 'வரிசையில் நிற்பவர் மயங்கி விழுந்தால், பின்னால் நிற்பவர் அவருடைய வாளியையும் சேர்த்து நிரப்பிக்கொள்ள முடியாது.' எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கம்பெனி ஆட்டத்தைத் திருத்தியது. இனிமேல் விழுந்தவரின் முறை வரிசையிலிருந்து நீங்கிவிடும், வேறு யாருக்கும் போகாது. 'ஓர் ஆட்டக்காரர் அழகாக விளக்கியபடி' என்று போட்டு, என் வாளி வரியை அப்படியே எடுத்து அறிவிப்பில் வைத்திருந்தார்கள்.

பாப்பா சமையலறைக்கு வந்து கைபேசியை மேடையில் வைத்தாள். நான் படித்தேன். என் எழுத்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

"ஒன்பதாம் சுற்று விஷயம் இந்த வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. வீடியோவுல நான் அதை விளக்கினதே இல்ல. வாளி உங்களோடது. உலகத்துல வேற யாரும் கங்குவைப் பத்தி எழுதும்போது வாளியைக் கொண்டு வரமாட்டாங்க அண்ணி."

"எனக்கு... அவர் கோளாறுன்னு..."

"தெரிஞ்சு எழுதினீங்களா?"

"தெரியாது" என்றேன்.

என் மூன்றாவது பல்லைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் நானும் அழுது காலில் விழுந்திருப்பேன். அவள் அழவில்லை. "நாலு வருஷத்துல அண்ணன் ஒரு தடவை, எனக்குச் சாகப் பிடிக்கலன்னு சொல்லியிருந்தா, நான் வேற ஆளை எடுத்திருப்பேனே. முகத்துக்கு நேரா சொல்லாம கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கார். அதுவும் உங்க கையால."

ஆமாம், என் கையால். நம்பி எழுதிக் கொடுத்த என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார் மனுஷன். இன்றே கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவள்தான் தடுத்தாள். ஜோடிப் பெயர் கொடுத்தாயிற்று, இனிமேல் மாற்ற முடியாது, இப்போது சண்டை போட்டால் அவர் ஆடவே வரமாட்டார்.

"போட்டி முடியட்டும். அவர் முன்னாடி நீங்க ஒரே ஒரு தடவை சொல்லுங்க, எழுதினது இவர்தான்னு. நான் கேட்டா இல்லன்னுடுவார். நீங்க சொன்னா முடியாது. எனக்கு அது போதும்."

"சத்தியமா சொல்றேன் பாப்பா. முடிஞ்ச உடனே, அந்த இடத்துலயே கேட்கிறேன்."

மூன்று வாரத்தில் அவள் செய்தது இருக்கிறதே, அதைத்தான் நான் மறக்கவே மாட்டேன். பழைய அட்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இப்போது அண்ணன் ஒன்பதாம் சுற்றைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டும். முதன்முறையாக அவருக்கு மருந்து கொடுத்தாள். மருந்து கொடுக்கிற முறையில் அடிக்க முடியாது. அப்படி விட்ட அடியை எங்கே ஈடு கட்டுவது என்று லேப் போகும் பஸ்ஸில் யோசித்தாள், பல்லைச் சுடும்போது யோசித்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்தாம் சுற்றில் காவலனின் உயிர் நூலளவுக்கு வந்துவிடும். அந்தச் சுற்றின் அடியை அரண் ஏற்றுக்கொண்டு செத்தால் போதும், பதினொன்றில் கங்கு முடித்துவிடுவாள். இன்னும் ஒரே ஒரு சாவுதான் அண்ணனிடம் கேட்டாள். அவளிடம் துரோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, பத்துல நீ ஏத்துக்கோ, சரியா?" என்று பத்துத் தடவை ஒத்திகை பார்த்தாள். அவரும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். நான் அவர்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறைக்கும் முப்பது வினாடிதான். பாப்பா ஆறு வினாடிக்கு மேல் எடுக்கவில்லை. கங்கு எரிந்துகொண்டே வந்தாள். பாதி உயிர், கால் உயிர். ஏழாம் சுற்றில் அண்ணனுக்கு மருந்து. எட்டில் இன்னொன்று. ஒன்பதில் பெரிய அடியை அவர் ஏற்றார், விழவில்லை. பத்தில் கங்கு அடித்தாள். காவலன் மண்டியிட்டான். அவன் உயிர்க்கோடு திரையில் தேடிப் பார்க்கிற அளவுக்கு மெலிந்துவிட்டது. கங்குவுக்கும் ஒரு மூச்சுதான் மிச்சம். இனி அண்ணன் முறை.

"ஏத்துக்கோ அண்ணா" என்றாள் மெதுவாக.

அவர் பெருவிரல் 'ஏற்றுக்கொள்' மேல்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதினைந்து வினாடி அப்படியே இருந்தது. பிறகு மெல்லக் கீழே நகர்ந்தது, ஒரு பொத்தான், இரண்டு பொத்தான். 'தற்காப்பு' என்ற இடத்தில் நின்றது. அழுத்தியது. அரண் கேடயத்தைத் தன் முன்னால் ஊன்றிக்கொண்டான். காவலன் எழுந்து கங்குவை அடித்தான். அவள் சாம்பலாய்ப் போனாள்.

திரையில் அரண் மட்டும் நின்றான். நாலு வருஷத்தில் முதன்முறையாகக் கடைசியில் நின்றவர் அவர். அடுத்த சுற்றில் அவனும் விழுந்தான், அது வேறு விஷயம்.

அண்ணன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவினார்.

"கை தவறிடுச்சு பாப்பா. ஆனா ஒண்ணு, பழைய மாதிரியே விட்டிருந்தா ஒன்பதுலயே முடிச்சிருப்போம். எந்தப் பாவி எழுதிப் போட்டானோ, கம்பெனிக்காரனும் அதைக் கேட்டு ஆடிட்டான். கழுத்தறுத்துட்டாங்க."

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு எல்லா வரியும் தயாராக இருந்தது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் செய்தது. நாலே வரி. அவரைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் லிஃப்ட் குழிக்குள் நிற்கிற மனுஷன், கழுத்தில் கிரீஸ் போகாமல் கறுத்திருந்தது. இதைச் சொன்னால் இந்த வீடு என்ன ஆகும், நாளைக்குக் காலையில் எந்த முகத்தோடு இவர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று ஓடியது. அதற்குக் கீழே இன்னொன்றும் ஓடியது. அவர் வாயைத் திறந்தால், 'இவளுக்கும் தெரியும்' என்று சொல்லிவிடுவார்.

"ஆமா, யாருன்னு தெரியலையே" என்றேன். "டீ போடட்டுமா?"

பாப்பா தன் கன்ட்ரோலரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணி" என்றாள். "அண்ணனுக்கு மட்டும் போடுங்க."